நாரத்தைக் குலமும் நம் மனைத்தோட்டமும்

அரிய பழமரங்களை வீட்டில் வளர்க்க வேண்டும் என்னும் விருப்பம் இக்காலத்தில் பலரிடம் பெருகி வருகின்றது. நல்லதொரு விருப்பமே. ஆயினும் அது செல்லும் வழியைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஆஸ்திரேலியக் காடுகளில் விளையும் விரல் எலுமிச்சையும், சீனத்தார் புத்தர் கை என்று போற்றும் பல்விரற் பழமும், தோலோடு மெல்லத்தக்க கும்குவாட்டும் எங்குக் கிடைக்குமென்று நாற்று விற்போரை ஓயாது வினவும் நண்பர்கள், தம் பாட்டியார் உப்பிட்டு உலர்த்திய நாரத்தங்காய் எம்மரத்திற் காய்த்தது என்பதை அறியார். அம்மரம் இன்னும் நிற்கின்றதா என்று கேட்டாரும் அல்லர். நாம் தேடத்தக்க அரிய எலுமிச்சை இனங்கள் பல, நம் ஊர்களின் பழங்கொல்லைகளிலும் அண்மை மலைகளிலும் உள்ளன என்பதும், அவற்றைக் கொணர்ந்து வளர்ப்பதற்கு ஒரு முறை உண்டு என்பதும், அம்முறை தவறினால் தேடிச் செல்வோரே அம்மரங்களுக்குக் கூற்றாவர் என்பதுமே இக்கட்டுரையில் நான் கூற விழைவன.

கள்ளக்குறிச்சியினின்றும் கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால் கரியாலூரும் வெள்ளிமலையும் வரும். 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சிக்குக் கல்வராயன் மலையே மேற்கு மதில். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு கூறாகிய இத்தொடரில், சின்னக் கல்வராயன் என்னும் பகுதி ஏறத்தாழ 2,700 அடியும், பெரிய கல்வராயன் என்னும் பகுதி ஏறத்தாழ 4,000 அடியும் உயர்ந்தன என்று பழைய அரசாங்க நூல்கள் குறிக்கும். எலுமிச்சைக் குலத்திற்கு இவ்வுயரம் மிகவும் ஏற்றது. உறைபனியின் கொடுமை இல்லை. சமவெளியின் கோடை அனலும் அத்துணை இல்லை. சரிவு நிலமாதலின் பெய்த நீர் வேரில் தேங்குவதில்லை. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளி என்று பெயர் பெறினும் மலையில் ஆள்வோர் என்னும் பொருளில் அப்பெயர் வந்ததேயன்றி, அவர் பேசுவது தமிழே.

வெள்ளிமலைக்குச் செல்லும் மாணவன் முதலில் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். வழியோரத்துச் செடியின் இலையொன்றைப் பறித்து ஞாயிற்றின் ஒளிக்கு எதிரே பிடிக்கட்டும். ஊசியாற் குத்தினாற்போல் ஒளிரும் நுண்புள்ளிகள் தோன்றி, கசக்கியபோது மணமும் எழுமாயின், அஃது எலுமிச்சையின் உறவாக இருத்தல் கூடும். அப்புள்ளிகள் எண்ணெய் அடங்கிய நுண்பைகள். இவ்வாறு பார்க்குங்கால் வில்வமும், விளாவும், கறிவேப்பிலையும், முட்கொடியாகப் படரும் மிளகரணையும் ஒரே குடும்பத்தவை என்பது விளங்கும். கிழக்கு மலைகளின் உலர்காடுகளிற் பரவலாக வளரும் குருந்தமரமோ எலுமிச்சைக்கு இன்னும் நெருங்கிய சுற்றம். காட்டெலுமிச்சை என்றே பலர் அதனை அழைப்பர். மாணிக்கவாசகர் வரலாற்றில் திருப்பெருந்துறைக் குருந்தினைக் கேளாதார் இலர். ஆனால் அம்மரத்தைக் கண்ணாற் கண்டு இது குருந்து என்று சொல்லவல்லார் நம்முள் எத்துணைப் பேர்? குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையிலும் நரந்தமும் குருந்தும் அடுத்தடுத்த அடிகளில் வருகின்றன. நரந்தம் என்பதை நாரத்தம் பூ என்று கொள்வர். மலைநிலத்துப் பாட்டில் இவ்விரண்டையும் சேர்த்து வைத்தவர் மரத்தை அறிந்த புலவர்.

பெயர்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏனெனில் தேடுவோரை மயக்குவது பெயரே. நாரத்தை என்ற பெயரால் ஓர் ஊரில் ஒரு பழத்தையும் மற்றோர் ஊரில் வேறொரு பழத்தையும் குறிக்கின்றனர். கடாரங்காய், கிடாரங்காய், கொழுஞ்சி, கிச்சிலி, கொம்மட்டி மாதுளை என்று பெயர்கள் நீள்கின்றன. இம்மயக்கம் பாமரர்க்கே உரியது என்று எண்ணற்க. ஸ்விங்கிள் என்னும் அமெரிக்க அறிஞர் இக்குலத்தில் 16 இனங்களே உண்டு என்றார். டனாகா என்னும் ஜப்பானிய அறிஞர் 162 என்றார். கிச்சிலிக்கு மதராஸின் பெயரையே இனப்பெயராகக் கொடுத்தவரும் டனாகாவே. இருவரும் பார்த்தது ஒரே உலகத்து மரங்களைத்தான்! பின்வந்த மரபணு ஆராய்ச்சியே இச்சிக்கலைப் பெரிதும் அவிழ்த்தது. இக்குலம் ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தே தோன்றிப் பரவியது என்று 2018-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகின்றது. நாம் அறிந்த பழங்களுட் பெரும்பாலானவை, கொம்மட்டி மாதுளை, பம்பளிமாசு, கமலா ஆரஞ்சின் முன்னோர் ஆகிய மூன்று முதற்குடிகளின் கலப்பிற் பிறந்தவை. நம் ஊறுகாய்ச் சிறு எலுமிச்சைக்குத் தந்தை கொம்மட்டி மாதுளை. தாய் பிலிப்பைன் தீவுகளின் காட்டினம் ஒன்று.

கொம்மட்டி மாதுளை என்றதும் மாதுளையை நினைத்தல் வேண்டா. வடமொழியில் மாதுலுங்கம் எனப்படுவது இதுவே. தடித்த தோலும் அற்பச் சாறும் உடைய இப்பழத்தைக் கொல்லாபுரத்து மகாலட்சுமியின் திருக்கரத்திற் காணலாம். நாரத்தை என்னும் சொல்லோ நெடும்பயணம் செய்தது. வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் நரஞ்ஜா எனச் சென்று ஆங்கிலத்தில் ஆரஞ்சு ஆயிற்று. இதன் வேர் திராவிட மொழியினது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் துணிபு. மேகாலயத்துக் காரோ மலைகளில், நோக்ரெக் என்னும் காப்பகத்தே வளரும் காட்டு ஆரஞ்சினை அம்மக்கள் மெமாங் நாரங் என்பர். பேய்களின் நாரத்தை என்பது பொருள். பம்பளிமாசு என்பது டச்சுக்காரர் பொம்பெல்மூஸ் என்றதன் திரிபு. நம் பெயரை உலகுக்குக் கொடுத்து, உலகின் பெயரை நாம் வாங்கிக்கொண்டோம்.

பெயரை நம்பாது இலையை நம்புக என்பதே தேடுவோர்க்கு என் விண்ணப்பம். இலைத்தகடும் காம்பும் கூடுமிடத்தை உற்று நோக்கினால் இனம் ஓரளவு புலனாகும். காம்பின் இருபுறமும் அகன்ற சிறகு இதயவடிவில் விரிந்திருப்பின் பம்பளிமாசு அல்லது அதன் வழித்தோன்றல். நடுத்தரச் சிறகாயின் புளிப்பு ஆரஞ்சு வகை. சிறகும் இன்றி, காம்புக்கும் தகட்டுக்கும் இடையே கணுவும் இன்றி இருப்பின் கொம்மட்டி மாதுளை. அதன் இளந்தளிரும் மொட்டும் ஊதா படிந்திருக்கும். காய் இல்லாத காலத்தும் இவ்வடையாளம் உதவும்.

இனி, இம்மரங்கள் ஏன் மறைகின்றன? காரணம் எளிது. இவற்றின் பழத்தை அப்படியே உண்ண இயலாது. நாரத்தங்காயைச் சுருளாக அரிந்து உப்புப் புகட்டி வெயிலில் உலர்த்தவேண்டும். கிடாரங்காயின் கசப்பை உப்பில் ஊறவைத்து அடக்கவேண்டும். இளநாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும் நரம்பு நீக்கி இடித்து வேப்பிலைக்கட்டி செய்யவேண்டும். பெயரில் வேம்பு இருப்பினும் பண்டத்தில் வேம்பு இல்லை என்பதை அறியாத இளைஞர் பலர். காய்ச்சலில் நாக்கு மரத்தவர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் மோர்ச்சோற்றுடன் அவ்வுலர்ந்த துண்டு ஒன்று செய்யும் உதவியைக் கடைப் புட்டி ஊறுகாய் செய்யாது. ஆயினும் செய்முறை அறிந்த மூதாட்டி மறைந்தவுடன், பழம் உதிர்ந்து வீணாகும்; பழம் வீணாயின் மரம் இடத்தை அடைக்கின்றது என்று தோன்றும்; வீட்டுக்கு ஓர் அறை கூட்டும்போது முதலில் வெட்டுண்பது அதுவே. சமையலறையில் ஒரு வழக்கம் அழிந்தால் கொல்லையில் ஒரு மரம் அழிகின்றது என்பதை நம் பயிர்நூலார் போதிய அளவு எண்ணியதாக எனக்குத் தோன்றவில்லை.

மலையில் வேறு காரணங்களும் உண்டு. மரவள்ளி விரைவில் பணம் தருவது. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் அதனை வாங்கிக்கொள்ளும். நாரத்தைக்கு அத்தகைய வாங்குவோர் இலர். மேலும், இம்மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976-ஆம் ஆண்டிலேதான் முடிவுற்றது என்பதையும் மறத்தலாகாது. ஐம்பது ஆண்டு நிற்கவல்ல மரத்தை நடுவதற்கு, நாளையும் இந்நிலத்தில் நாம் இருப்போம் என்னும் துணிவு வேண்டும். ஆதலின் மலையூர்க் கொல்லையில் முதிர்ந்த நாரத்தை ஒன்றைக் காண்பவன், அதன் கீழ் வாழ்ந்த குடியின் துணிவையும் சேர்த்துக் காண்கின்றான் என்றே நான் கருதுவேன்.

இனிப்புப் பழங்களின் கதை வேறு. பேரணாம்பட்டை அடுத்த சாத்கர் என்னும் ஊர் நவாபுகள் காலத்துத் தோட்டங்களின் ஆரஞ்சுக்குப் பெயர் பெற்றிருந்தது. சாத்துக்குடி என்னும் பெயரே அவ்வூரினின்றும் வந்தது என்பர். இன்று அப்பெயர் கொண்ட பழம் ஆந்திரத்திலும் தெலுங்கானத்திலும் பெருந்தோட்டங்களாக விளைகின்றது. நம் தெருவில் பழச்சாறு பிழிவோர்க்கு இனிய ஆரஞ்செல்லாம் சாத்துக்குடிதான். சந்தை உள்ள பழம் ஊர் மாறியேனும் பிழைத்துக்கொள்ளும். சந்தை இல்லாத புளிப்பினங்களுக்கு வீட்டாரையன்றி வேறு புகலில்லை. அதனாலேயே மனைத்தோட்டக்காரரை நோக்கி இவ்வேண்டுகோளை விடுக்கின்றேன்.

ஆனால், ஆர்வம் கொண்டவர் செய்யும் கேட்டினை இங்கு அஞ்சாது கூறவேண்டும். எலுமிச்சைக் குலத்தின் கொடிய நோய்கள் மனிதர் கைகளிலேயே நெடுந்தூரம் சென்றன. 1930-களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் புளிப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டிய இலட்சக்கணக்கான மரங்கள் ஒருவகை நச்சுயிரியால் வாடி மடிந்தன. அந்நோய்க்கு அந்நாட்டார் இட்ட பெயர் டிரிஸ்டெஸா. துயரம் என்பது அதன் பொருள். அசுவினிப் பூச்சிகள் அதனை மரத்துக்கு மரம் கொண்டு செல்லும். கடல்கடந்து கொண்டு சென்றது நாற்று. மற்றொன்று, சீனர் மஞ்சள் தளிர் நோய் என்று அழைத்த பசுமை நோய். 2005-ஆம் ஆண்டில் அது அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டது. 2003-04-இல் ஏறத்தாழ 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அந்நாட்டில், புயல்களும் சேர்ந்து தாக்க, 2022-23-இல் ஏறத்தாழ 1.6 கோடிப் பெட்டியே விளைந்தது. அத்துணைச் செல்வமும் அறிவியலும் படைத்தோர் இருபதாண்டில் இழந்தது இது. நம் நாட்டிலும் இவ்விரு நோய்களும் உண்டு. குடகின் புகழ்பெற்ற ஆரஞ்சுத் தோட்டங்கள் தேய்ந்ததில் இவற்றிற்கும் பங்குண்டு.

பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி, எலுமிச்சையில் மட்டுமன்றிக் கறிவேப்பிலையின் தளிரிலும் விரும்பிப் பெருகும். கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் கோனிக் என்பாரின் பெயர் அடங்கியுள்ளது. அவர் 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்து, தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்து, 1785-இல் இந்நாட்டிலேயே மறைந்தவர். அவர் காலத்தில் தாவரங்களை நாடு விட்டு நாடு அனுப்புவது அறிவுத் தொண்டாகவே கருதப்பட்டது. உடன்செல்லும் பூச்சியையும் நுண்ணுயிரையும் அக்காலத்தார் அறியார். நாம் அறிவோம், ஆகையால் நமக்கு அச்சுதந்திரம் இல்லை. சமவெளி நாற்றங்காலில் வாங்கிய ஒட்டுக்கன்றை அன்பளிப்பாக வெள்ளிமலைக்கு எடுத்துச் சென்று, பழைய நாரத்தை நிற்கும் கொல்லையில் நட்டுவரும் நல்லெண்ணத்தை நான் முற்றும் மறுக்கின்றேன். கறிவேப்பிலைக் கன்றும் அவ்வாறே. மலையேறிச் செல்வது நம் கால்கள் மட்டுமாக இருக்கட்டும்.

இறங்கி வருவது வித்தாக இருக்கட்டும். இங்கே இயற்கை நமக்கு ஒரு சலுகை அளித்திருக்கின்றது. இவ்விரு நோய்களும் வித்தின் வழியே பரவுவன அல்ல என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. அன்றியும், மாமரத்தைப் போலவே வித்தில் முளைத்தது தாயை ஒவ்வாது என்று எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. சிறு எலுமிச்சை, புளிப்பு ஆரஞ்சு முதலிய பலவற்றில் ஒரே வித்தினின்றும் இரண்டு மூன்று முளைகள் எழும். அவற்றுட் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பால் வந்தவையல்ல. தாயின் திசுவினின்றே எழுந்தமையால் தாயின் மறுபதிப்பாக இருக்கும். நாற்றுகளுள் ஒரே சீராக வளர்ந்தவற்றை வைத்துக்கொண்டு, மிக மெலிந்ததையும் வடிவு வேறுபட்டதையும் நீக்கினால் போதும். பம்பளிமாசுக்கும் கொம்மட்டி மாதுளைக்கும் இச்சலுகை இல்லை. அவற்றின் வித்து ஒரு முளையே தரும், அம்முளை எத்தன்மைத்தாகும் என்று சொல்வதற்கில்லை. அவற்றைப் பெற விரும்புவோர், நோயற்றது என்று நன்கு தெரிந்த மரத்தில் மழைக்காலத்தே கிளையின் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசி கட்டிப் பதியம் போடலாம். கொம்மட்டி மாதுளை வெட்டுக்கிளையிலும் வேர்விடும். அவ்வாறு பெற்ற கன்றைச் சில திங்கள் மற்ற எலுமிச்சை மரங்களுக்கு எட்டாது தனியே வைத்து, தளிரைக் கவனித்தபின் நடுதல் வேண்டும்.

வித்துக் கன்று காய்க்க எலுமிச்சையாயின் நான்கைந்து ஆண்டும், மற்றவை அதனினும் மிகுதியாகவும் செல்லும், முள்ளும் மிகும். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டில் காய்க்குமே என்பர். காய்க்கும், பழம் மட்டும் வேண்டுவோர் அதனை நம்பகமான நாற்றங்காலில் வாங்கிச் சமவெளியிலேயே நடட்டும். ஓர் இனத்தைக் காக்க விரும்புவோர்க்கு ஐந்தாண்டு நீண்டதன்று. கல்லூரியில் முதலாண்டு சேரும் மாணவன் இன்று ஊன்றிய வித்து, அவன் பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்த பின்னர் ஊறுகாய்க்கு ஒரு காய் தரும். அவ்வளவே.

நடும் முறையில் இரண்டொரு செய்தியே முக்கியம். இம்மரம் தாகத்தாற் சாவதைவிடத் தேங்கிய நீராற் சாவதே மிகுதி. களிமண் கொல்லையாயின் மேடு கட்டி நடுக. அடிமரத்தைச் சுற்றி மண்ணை அணைத்து ஒரு சிறு வட்டம் எழுப்பி, அதற்கு வெளியே அமைத்த வட்டப் பாத்தியில் நீர் பாய்ச்சுக. தண்டில் நீர் படின் பட்டையழுகிப் பிசின் வடியும். மரத்துக்கு மரம் பதினைந்தடியேனும் வேண்டும். இலை மஞ்சளித்தால் உடனே கலங்கற்க. நடுநரம்பின் இருபுறமும் ஒத்த வடிவில் நரம்பிடை வெளுத்தால் துத்தநாகக் குறைவு. இருபுறமும் ஒவ்வாது திட்டுத்திட்டாக வெளுத்தால் பசுமை நோயோ என்று ஐயுற்றுத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுக. பறவை எச்சம் போன்று இலையில் ஒட்டியிருப்பது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. கன்றில் இருந்தால் கையால் எடுத்துவிடவேண்டும். அருகில் வில்வமரம் இருப்பின் அதில் விட்டுவிடலாம். அதுவும் அப்புழுவுக்கு உணவே. மருந்து தெளித்துக் கொல்லுமளவு பகை எனக்கு அதனிடம் இல்லை.

இன்னுமொன்று. மலையூர்க் கொல்லையில் நிற்கும் மரம் காட்டுமரம் அன்று. ஒரு குடும்பத்தின் உடைமை. விருந்தினராகச் சென்று கிளை ஒடித்துவருவது கற்றவர்க்கு அழகன்று. கேட்டு வாங்குக, வாங்கும்போது அவ்வீட்டார் அதனை என்ன பெயரால் அழைக்கின்றனர், எதற்குப் பயன்படுத்துகின்றனர், யார் நட்டது என்பவற்றை அவர் சொன்ன சொல்லாலேயே எழுதிக்கொள்க. நம் நூற்பெயரைத் திணிக்க வேண்டா. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி உழவர் தாம் காத்துவந்த இரகத்தைத் தம் பெயரிற் பதிவு செய்யலாம். அவ்வுரிமையை அவர்க்கு எடுத்துச் சொல்வது, பழம் வாங்கி வந்தவன் திருப்பிச் செலுத்தும் சிறு கடன்.

பழத்தை வாங்கி வந்த பின் காலந்தாழ்த்தல் ஆகாது. இக்குலத்து வித்து நெல்லைப்போல் உலர்த்திச் சேமிக்கத்தக்கதன்று. உலர்ந்தால் முளைக்கும் ஆற்றல் விரைவிற் குன்றும். பழத்தை அரிந்த அன்றே வித்தைக் கழுவி, நிழலில் அரை விரற்கடை ஆழத்தில் ஊன்றிவிடுக. மூன்று நான்கு வாரங்களில் முளை தோன்றும். சட்டியின் மேல் ஊர்ப்பெயரையும், அவர் சொன்ன மரப்பெயரையும், நாளையும் எழுதி வைத்தல் வேண்டும்; காகிதச் சீட்டு மழையில் கரையுமாதலின் தகரத் துண்டில் ஆணியாற் கீறுவது நலம்.